ஸ்மார்ட் வீட்டில் விருந்தாளியால் லைட் போட முடியுமா? சுவிட்ச் முதல் ஆப் வரை 'கன்ட்ரோல்' எப்படி இருக்க வேண்டும்?

வீட்டில் கரண்ட் இருக்கிறது. பல்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "அலெக்சா, ஹால் லைட் ஆன்" என்று எத்தனை முறை சொன்னாலும் லைட் எரியவில்லை. செல்போனில் ஆப்பைத் திறந்தால், 'சாதனம் பதிலளிக்கவில்லை' என்கிறது. பல்பைக் கழற்றி மாட்டி, வைஃபை ரவுட்டரை அணைத்துப் போட்டு, கடைசியில்தான் விஷயம் தெரிகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, ராத்திரி படுக்கப் போகும்போது சுவரில் இருந்த சுவிட்சை ஆஃப் செய்துவிட்டார்.

ஸ்மார்ட் பல்பு வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே நடக்கும் கதை இது. அத்தை மேல் தப்பே இல்லை. லைட் வேண்டாம் என்றால் சுவிட்சைத் தட்டுவது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துவரும் வேலை. அந்தப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் செட்டப் செய்தவர்கள் மேல்தான் தப்பு.

பல்பு, ஃபேன், ஏசி, கதவுப் பூட்டு, கேமரா என எல்லாமே இப்போது 'ஸ்மார்ட்' ஆகிவிட்டது. ஒரு விரலில் வீடு முழுவதும் அடங்கும் என்று விளம்பரம் சொல்கிறது. யாருடைய விரலில்? பெரும்பாலும், சாதனத்தை வாங்கி, ஆப்பை டவுன்லோடு செய்து, பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கும் ஒருவரின் விரலில். அதே வீட்டில் இருக்கும் பாட்டி, பள்ளிக்குழந்தை, வேலைக்கு வரும் அக்கா, நாலு நாள் தங்க வந்த உறவினர் ஆகியோர் என்ன செய்வது? ஸ்மார்ட் ஹோம் கட்டுப்பாடுகளை வடிவமைப்பதில் இருக்கும் பெரிய சிக்கலே இதுதான்.

இன்டர்ஃபேஸ் என்றால் ஆப் மட்டுமா?

'இன்டர்ஃபேஸ்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'இடைமுகம்' என்கிறார்கள். மனிதரும் கருவியும் சந்தித்துக்கொள்ளும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். செல்போன் திரையில் தெரியும் பட்டன்கள் அதில் ஒரு பகுதி மட்டுமே. சுவர் சுவிட்ச், ரிமோட், குரல் கட்டளை, ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும் சென்சார், கேமராவில் எரியும் சின்ன விளக்கு, அலாரத்தின் 'பீப்' சத்தம் எல்லாமே இன்டர்ஃபேஸ்தான்.

இதில் மிகப் பழையது சுவிட்ச். சுவிட்சை யாரும் டிசைன் அதிசயமாக நினைப்பதில்லை. ஆனால் அதன் குணங்களை எழுதிப் பார்த்தால் எந்த ஆப்பும் பக்கத்தில் வர முடியாது. எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். இருட்டில் கை தடவியே கண்டுபிடிக்கலாம். சார்ஜ் போட வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். தட்டினால் உடனே வேலை செய்யும். வீட்டுக்குள் நுழையும் யாரும் பயன்படுத்தலாம்.

ஸ்மார்ட் பல்பு இந்த ஏற்பாட்டைத்தான் குலைக்கிறது. பல்புக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருந்தால்தான் அது ஆப் சொல்வதைக் கேட்கும். சுவிட்சை அணைத்தால் பல்புக்குள் இருக்கும் ரேடியோவும் சேர்ந்து செத்துப்போகும். அதனால்தான் சில வீடுகளில் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி, 'அணைக்காதீர்கள்' என்று எழுதி வைக்கிறார்கள். ஒரு சுவிட்சுக்கு அறிவிப்புப் பலகை தேவைப்படுகிறது என்றாலே அங்கே வடிவமைப்பு தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் என்ன வழி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பல்பை சாதாரணமாகவே விட்டுவிட்டு சுவிட்சை ஸ்மார்ட் ஆக்குவது. சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவுள்ள ஒரு மாட்யூலை எலக்ட்ரீஷியன் பொருத்துவார். பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். ஆப்பும் வேலை செய்யும், சுவிட்சும் வேலை செய்யும். இந்த மாட்யூல்களில் பலவற்றுக்கு நியூட்ரல் வயர் தேவை. பிளக் பாயின்ட் உள்ள போர்டு என்றால் நியூட்ரல் அங்கேயே இருக்கும். வெறும் லைட் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டியில் இல்லாமல் போகலாம். வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. நம் ஊரில் சுவிட்ச் கீழே இருந்தால் ஆன், மேலே இருந்தால் ஆஃப். மாட்யூல் போட்ட பிறகு இந்தக் கணக்கு செல்லாது. ஆப்பில் அணைத்த லைட்டை சுவரில் போட்டால் சுவிட்ச் மேலே இருக்கும், லைட் எரியும். ஆனால் இது நமக்குப் புதிதில்லை. மாடிப்படியில் கீழே ஒன்று, மேலே ஒன்று என டூ-வே சுவிட்ச் இருக்கும் வீடுகளில் காலம்காலமாக இப்படித்தான். 'தட்டினால் மாறும்' என்பது மட்டும் புரிந்தால் போதும், பாட்டிக்கும் பழகிவிடும்.

இரண்டாவது வழி, ஸ்மார்ட் பல்பே வேண்டும் என்றால், பழைய சுவிட்சை மூடிவிட்டு அதே இடத்தில் பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் பட்டனைப் பொருத்துவது. 'அதே இடத்தில்' என்பதுதான் முக்கியம். கை தேடிப்போகும் இடத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

ஃபேனில் இந்தத் தலைவலி இன்னும் கொஞ்சம் அதிகம். கரண்ட் பில் குறையும் என்று பி.எல்.டி.சி ஃபேன் வாங்கியவர்கள் வீட்டில் ரெகுலேட்டருக்கு வேலை இல்லாமல் போய், வேகத்தை மாற்றும் வேலை ரிமோட்டுக்குப் போய்விட்டது. சுவரில் எப்போதும் இருந்த ஒன்று, சோபா இடுக்கில் தேட வேண்டிய ஒன்றாக மாறிவிட்டது. ரிமோட்டை மாட்டி வைக்க சுவரில் ஒரு ஸ்டாண்ட் அடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இதுவும் இன்டர்ஃபேஸ் வடிவமைப்புதான்.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்?

பிலிப்ஸ் நிறுவனத்தின் 'ஹ்யூ' ஸ்மார்ட் பல்புகள் 2012-ல் சந்தைக்கு வந்தன. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பல்பு முழு வெளிச்சத்துடன் எரியும்படி அமைக்கப்பட்டிருந்தது. காரணம் நியாயமானதுதான்: சுவிட்சைப் போட்டால் லைட் எரிய வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள் அல்லவா? ஆனால் நடு ராத்திரி கரண்ட் போய் வந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் அத்தனை லைட்டும் பளிச்சென்று எரியும். கரண்ட் வரும்போது எப்படி இருக்க வேண்டும் என்று பயனாளரே தேர்ந்தெடுக்கும் வசதி 2018-ல்தான் வந்தது.

ஆறு வருடம். மின்தடை அபூர்வமான நாடுகளில் உட்கார்ந்து யோசித்தால் இப்படி நடக்கும். மின்தடை சகஜமான ஊருக்கு வடிவமைப்பவர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இங்கே ஸ்மார்ட் சாதனம் வாங்குபவர்களும் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே போகுமா?" லைட்டுக்குப் பழைய நிலை சரி. வாட்டர் ஹீட்டருக்கும் அயர்ன் பாக்ஸ் மாட்டிய ஸ்மார்ட் பிளக்குக்கும் 'ஆஃப்' நிலைதான் பாதுகாப்பு.

எந்த சுவிட்ச் எதற்கு?

ஆறு சுவிட்ச் இருக்கும் போர்டில் ஃபேனுக்கு எது என்று தெரியாமல் வரிசையாக எல்லாவற்றையும் தட்டிப் பார்க்காதவர் யார்? அமெரிக்க அறிவாற்றல் அறிவியலாளர் டொனால்ட் நார்மன் 1988-ல் வெளியிட்ட புத்தகம் இந்த மாதிரி அன்றாடக் குழப்பங்களைப் பற்றியதுதான். 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. தன்னுடைய ஆய்வகத்தில் இருந்த சுவிட்சுகள் குழப்பியதால், அறையின் வரைபடத்தின் மேலேயே, லைட் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் சுவிட்சை வைத்து ஒரு பலகை செய்ததாக அதில் நார்மன் எழுதியிருக்கிறார். ஜன்னல் ஓர லைட்டுக்கு, வரைபடத்தில் ஜன்னல் ஓரத்தில் சுவிட்ச். விளக்கமே தேவையில்லை.

பல ஆப்கள் இந்தப் பாடத்தை மறந்துவிட்டு, 'லைட் 1', 'லைட் 2', 'ஸ்மார்ட் பிளக் 3' என்று பட்டியல் போடுகின்றன. பட்டியலை அறை வாரியாகப் பிரித்து, வீட்டில் எல்லோரும் கூப்பிடும் பெயரையே வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 'பூஜை ரூம்', 'மொட்டை மாடி', 'தாத்தா ரூம்' என்று வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டன் அளவிலும் கவனம் வேண்டும். விரலால் தொடும் பட்டன் குறைந்தது 44 பாயின்ட் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் வழிகாட்டுதல். ஆண்ட்ராய்டில் இது 48 டி.பி, திரையில் அளந்தால் சுமார் 9 மில்லிமீட்டர். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல் தரமான 'டபிள்யூ.சி.ஏ.ஜி'. சாம்பல் பின்னணியில் இன்னும் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க ஸ்டைலாக இருக்கும்; அறுபது வயதுக்காரருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஆன் என்றால் பச்சை, ஆஃப் என்றால் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. அந்த இரண்டு நிறங்களுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கூடவே 'ஆன்', 'ஆஃப்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

வாயால் சொன்னால் வேலை முடிந்ததா?

கை நடுங்கும் முதியவர், பார்வையற்றவர், கையில் மாவு ஒட்டியிருக்கும்போது சமையலறையில் நிற்பவர் ஆகியோருக்குக் குரல் கட்டளை உண்மையிலேயே வரம். ஆனால் குரலுக்கு ஒரு குறை உண்டு. என்னென்ன சொல்லலாம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆப்பில் பட்டனைப் பார்க்கலாம். ஸ்பீக்கரிடம் எந்த வாக்கியம் எடுபடும் என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அதுவும் எந்த மொழியில்? அலெக்சா 2019-ல் இந்தி பேசத் தொடங்கியது. தமிழ் அப்போது வரவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி, தன் வீட்டு லைட்டைப் போட ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்க வேண்டிய நிலை.

ஸ்பீக்கர் தவறாகக் கேட்பது இன்னொரு ரகம். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ நகர டி.வி சேனல் ஒன்றில், அலெக்சா மூலம் பொம்மை வீடு ஆர்டர் செய்த சிறுமியைப் பற்றிய செய்தி ஒளிபரப்பானது. செய்தி வாசித்தவர் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்ல, பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இருந்த ஸ்பீக்கர்களும் பொம்மை வீடு ஆர்டர் செய்யக் கிளம்பிவிட்டதாகப் புகார்கள் வந்தன. (செய்தி சேனல்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!)

2018 மார்ச்சில், யாரும் எதுவும் சொல்லாமலே அலெக்சா திடீரென்று சிரிக்கிறது என்று பலர் பயந்துபோய்ப் பதிவிட்டார்கள். 'அலெக்சா, லாஃப்' என்று யாரோ சொன்னதாக அது தவறாகப் புரிந்துகொள்கிறது என்றது அமேசான். அதற்கு நிறுவனம் செய்த திருத்தம் கவனிக்க வேண்டியது. கட்டளையை 'அலெக்சா, உன்னால் சிரிக்க முடியுமா?' என்று நீளமான கேள்வியாக மாற்றினார்கள். சின்ன வாக்கியம் காதில் தவறாக விழும் வாய்ப்பு அதிகம். நீளமான வாக்கியத்துக்குக் குறைவு. சிரிப்பதற்கு முன் 'நிச்சயமாக, என்னால் சிரிக்க முடியும்' என்று சொல்லவும் வைத்தார்கள். நடப்பது ஏன் நடக்கிறது என்று அறையில் இருப்பவருக்குத் தெரிந்தால் பயம் போய்விடும்.

இதிலிருந்து வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்ட விதி எளிது. தவறிப்போனாலும் நஷ்டமில்லாத வேலையை உடனே செய்யலாம். லைட் போடுவதற்கு 'உறுதியா?' என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். கதவுப் பூட்டைத் திறப்பது அப்படியில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று யாரும் கத்திவிடக் கூடாது என்பதால், குரல் மூலம் பூட்டைத் திறக்க அலெக்சா பின் நம்பர் கேட்கிறது.

கையசைத்தால் அடங்கிய அலாரம்

வசதிக்காகச் செய்த ஒன்று உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதற்கு 'நெஸ்ட் புரொடெக்ட்' உதாரணம். வீட்டில் புகை வந்தால் எச்சரிக்கும் கருவி இது. தோசை கருகினாலும் அலறும் அலாரத்தை நாற்காலி போட்டு ஏறி அணைக்கும் தொல்லை வேண்டாம் என்று, கீழே நின்று கையை ஆட்டினாலே அடங்கும் வசதியைக் கொடுத்திருந்தார்கள். கேட்கவே அருமையாக இருக்கிறது. ஆனால் சில சூழ்நிலைகளில் வேண்டுமென்றே செய்யாத அசைவையும் கருவி கட்டளையாக எடுத்துக்கொள்ளும் என்று நிறுவனத்தின் சொந்த சோதனையிலேயே தெரியவந்தது. உண்மையாகவே தீப்பிடித்த வீட்டில் மனிதர்கள் கையை ஆட்டிக்கொண்டுதானே ஓடுவார்கள்?

2014 ஏப்ரலில் விற்பனையை நிறுத்திவிட்டு, அந்த வசதியை முடக்கினார்கள். அடுத்த மாதம் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சுமார் 4,40,000 கருவிகள் தொடர்பாக ரீகால் அறிவிப்பு வெளியிட்டது. நிறுவனமே கண்டுபிடித்து நிறுத்தியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

யாரும் தொடாத செட்டிங்

1953-ல் அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் வட்டமான ஒரு தெர்மோஸ்டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஹென்றி டிரேஃபஸ். வீட்டின் வெப்பநிலையைக் கூட்டவோ குறைக்கவோ வட்டத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு டிஜிட்டல் வந்தது. திங்கள் காலை 6 மணிக்கு இவ்வளவு, இரவு 10 மணிக்கு இவ்வளவு என்று வாரம் முழுவதற்கும் புரோகிராம் செய்யும் தெர்மோஸ்டாட்டுகள் வந்தன. மின்சாரம் மிச்சமாகும் என்று அமெரிக்க அரசே 'எனர்ஜி ஸ்டார்' முத்திரை கொடுத்தது. ஆனால் வீடுகளில் போய்ப் பார்த்தால், பலர் புரோகிராமே செய்யவில்லை. 'ஹோல்ட்' பட்டனை அழுத்தி ஒரே அளவில் நிறுத்தியிருந்தார்கள். சில கருவிகளில் கடிகார நேரமே தப்பு. எதிர்பார்த்த மிச்சம் நிரூபணமாகாததால் 2009 இறுதியோடு அந்த முத்திரை திரும்பப் பெறப்பட்டது. கருவிக்குள் வசதி இருந்தது; அதை எடுத்துப் பயன்படுத்தும் வழி அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஐபாடை உருவாக்கிய குழுவில் இருந்த டோனி ஃபேடல் 2011-ல் கொண்டுவந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட், மறுபடியும் அந்த வட்டத்துக்கே திரும்பியது. திருப்பினால் போதும், எப்போது எவ்வளவு திருப்புகிறீர்கள் என்று பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும். இதுவும் சறுக்காமல் இல்லை. 2016 ஜனவரியில் ஒரு சாப்ட்வேர் கோளாறால் பேட்டரி தீர்ந்து, கடும் குளிரில் பல வீடுகளில் ஹீட்டர் நின்றுபோனது. சுவரிலிருந்து கழற்றி, யு.எஸ்.பி கேபிளில் சார்ஜ் போட்டு, திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. குளிரில் நடுங்கும் ஒருவரிடம் கேட்கக் கூடாத வேலை.

பெரும்பாலானவர்கள் செட்டிங்கைத் தொடவே மாட்டார்கள் என்றால், கம்பெனி வைத்து அனுப்பும் அளவுதான் நிஜமான அளவு. இதை இந்திய அரசு நன்றாகப் பயன்படுத்தியது. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகளை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று எரிசக்தி திறன் பணியகத்தின் பரிந்துரையின்பேரில் விதி வந்தது. 18 வேண்டும் என்பவர் குறைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ரிமோட்டில் ஒரு பட்டன்கூட கூடவில்லை.

'ஆள் வந்தால்', 'ஆள் இருந்தால்'

ஆட்டோமேஷன் என்றால் வீட்டுக்கு விதி எழுதுவது. 'இது நடந்தால் அதைச் செய்' என்பதே அடிப்படை. எளிதாகத் தெரிகிறது. இங்கேதான் வழுக்கும்.

'இரவு 7 மணிக்கு மேல் ஹாலுக்கு ஆள் வந்தால் லைட் போடு' என்று ஒரு விதி. ஒருவர் 6.50-க்கே வந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். மணி 7 ஆகிறது. லைட் எரியுமா? எரியாமல் போகலாம். ஏனென்றால் 'வந்தால்' என்பது ஒரு நொடியில் நடந்து முடியும் நிகழ்வு. 'இருந்தால்' என்பது நீடிக்கும் நிலை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வினை இருப்பதால் சொல்லிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் பல ஆப்களில் இரண்டும் 'ஆள் நடமாட்டம்' என்ற ஒரே பட்டனுக்குள் அடைபட்டிருக்கும். இந்த இரண்டையும் பயனாளர்கள் எப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் ஹுவாங், மாயா சக்மக் இருவரும் 2015-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

பாத்ரூமில் லைட் அணைந்துபோகும் பிரச்சினையும் இதன் உறவுதான். பி.ஐ.ஆர் என்ற சாதாரண சென்சார், உடல் வெப்பம் நகர்வதைத்தான் கவனிக்கும். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதன் கணக்கில் அங்கே ஆளே இல்லை. மூச்சு விடும் அசைவையும் பிடிக்கும் ரேடார் வகை சென்சார்கள் வந்துவிட்டன. விலை கூடுதல். முதியவர்கள் பயன்படுத்தும் பாத்ரூமில் கஞ்சத்தனம் வேண்டாம். இருட்டில் தடுமாறி விழுந்தால் ஆகும் செலவு பெரிது.

மோட்டார் விஷயம் அதைவிட மோசம். 'காலை 5 மணிக்கு மோட்டார் ஆன்' என்று விதி எழுதுபவர், அது தானாக நின்றுவிடும் என்று மனதில் நினைத்துக்கொள்கிறார். எப்போது நிறுத்துவது என்று சொல்லாதவரை அது நிற்காது. டேங்க் வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரியும். நல்ல ஆப் என்றால் விதியை சேமிக்கும் முன்பே 'எப்போது நிறுத்த வேண்டும்?' என்று கேட்க வேண்டும். எதிர்பாராமல் ஏதாவது எரிந்தாலோ அணைந்தாலோ, எந்த விதியால் அப்படி நடந்தது என்று ஒரு வரியில் காட்டவும் வேண்டும்.

விதியே எழுத வேண்டாம் என்று யோசித்தவரும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மோசர், 1990-களில் போல்டர் நகரில் பழைய பள்ளிக்கூடக் கட்டடமாக இருந்த தன் வீட்டில் நியூரல் நெட்வொர்க் சோதனை நடத்தினார். அங்கே தனியாக எந்த ரிமோட்டும் திரையும் கிடையாது. வீட்டில் இருப்பவர் வழக்கம்போல சுவிட்சைத் தட்டுவார். அதைப் பார்த்து வீடு கற்றுக்கொள்ளும். வீடு செய்தது பிடிக்காவிட்டால் மறுபடி சுவிட்சைத் தட்ட வேண்டும், அதுவே திருத்தம். முப்பது வருடம் ஆகியும் இந்த யோசனை பழையதாகவில்லை.

இன்டர்நெட் போனால் வீடும் போகுமா?

சோபாவில் உட்கார்ந்து ஆப்பில் பட்டனைத் தட்டினால், பல சாதனங்களில் அந்தக் கட்டளை வெளிநாட்டு சர்வர் வரை போய்விட்டுத்தான் தலைக்கு மேல் இருக்கும் பல்புக்கு வரும். 0.1 நொடிக்குள் பலன் தெரிந்தால் மனிதருக்கு 'உடனே நடந்தது' என்று தோன்றும். 1 நொடி வரை பொறுத்துக்கொள்வார் என்பது இன்டர்ஃபேஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொல்லும் கணக்கு. அதைத் தாண்டினால் நாம் என்ன செய்வோம்? இன்னொரு முறை தட்டுவோம். எரிந்த லைட் அணைந்துவிடும்.

சர்வரே படுத்துவிட்டால்? 2021 டிசம்பர் 7-ம் தேதி அமேசானின் கிளவுட் சேவை பல மணி நேரம் முடங்கியபோது, அலெக்சா ஸ்பீக்கர்கள், ரிங் கேமராக்கள், ரூம்பா துடைப்பான் ஆப் எல்லாம் சேர்ந்து தடுமாறின. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. பிறகு அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுத்தார்கள்.

ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஆதரிக்கும் 'மேட்டர்' என்ற பொதுத் தரம் 2022 அக்டோபரில் வெளியானது. இதில் கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய் வரும். ஒரே பல்பை அப்பாவின் ஐபோனும் மகளின் ஆண்ட்ராய்டும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பாஸ்வேர்டு யார் கையில்?

ஆரம்பத்தில் பார்த்த 'யாருடைய விரல்' என்ற கேள்வி இங்கே சீரியஸ் ஆகிறது. வீட்டில் ஒருவரிடம் மட்டும் அட்மின் அதிகாரம் இருந்தால், அவர் ஊரில் இல்லாதபோது மற்றவர்கள் திண்டாடுவது ஒரு பக்கம். அதையே ஆயுதமாகப் பயன்படுத்துவது இன்னொரு பக்கம். 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி அமெரிக்காவை உலுக்கியது. பிரிந்துபோன கணவனோ காதலனோ எங்கோ இருந்துகொண்டு, பெண் இருக்கும் வீட்டில் ஏசியை அணைப்பது, கதவுப் பூட்டின் எண்ணை மாற்றுவது, ஆளே இல்லாத வாசலில் காலிங் பெல் அடிக்க வைப்பது என்று தொல்லை கொடுப்பதாக, குடும்ப வன்முறை உதவி மையங்களில் பெண்கள் சொன்னதை அது பதிவு செய்திருந்தது. சாதனங்களைப் பொருத்தியது பெரும்பாலும் ஆண். எப்படி வேலை செய்கிறது என்பதே அந்தப் பெண்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை.

இதற்கு வடிவமைப்பாளர் செய்யக்கூடியவை உண்டு. யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்பதை ஆப்பின் ஆழத்தில் புதைக்காமல், வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும்படி முதல் பக்கத்திலேயே காட்டுவது. வெளியிலிருந்து யாராவது கேமராவைப் பார்த்தால், கேமராவிலேயே விளக்கு எரிவது. கருவியின் மேல் கையால் அழுத்தும் ஒரு பட்டன், ஆப் என்ன சொன்னாலும் அதற்கு மேல் செல்லுபடியாவது. தமிழ்நாட்டில் இத்தகைய தொல்லையைச் சந்திக்கும் பெண்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. முன்பு குடியிருந்தவர் ஸ்மார்ட் பூட்டையோ கேமராவையோ விட்டுச் சென்றிருந்தால், அவருடைய போனில் அது இன்னும் இணைந்தே இருக்கலாம். குடிபோன அன்றே 'ஃபேக்டரி ரீசெட்' செய்ய வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இதற்கென்று ஒரு சின்ன பட்டனோ ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டையோ இருக்கும். விளக்கு மின்னும் வரை சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில கருவிகள் அதற்குப் பிறகும் பழைய உரிமையாளரின் கணக்கை விடாது. அவரே ஆப்பில் இருந்து நீக்க வேண்டியிருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஹவுஸ் ஓனரிடம் சொல்லி அதை முடித்துக்கொள்வது நல்லது.